இரண்டே நாளில் சிங்கப்பூர் பார்க்க வருவோருக்கு

இரண்டு நாள் பயணத்தில் அதிகம் வீணாவது நேரம்தான். அதுவும் பெரும்பாலும் சுற்றுவழி ரயிலிலும் உச்சி வெயிலிலும் போய்விடுகிறது.

கிளம்புமுன் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற மின்படிவத்தை நிரப்பிவிடுங்கள். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்டால் நீங்கள் வேறு ஏதோ தளத்தில் இருக்கிறீர்கள். இது விசா ஆகாது. இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் விசாவைத் தனியாக எடுக்க வேண்டும். மின்சிகரெட் கொண்டுவரவே கூடாது. சாதாரண சிகரெட்டில் ஒன்றுக்குக்கூட வரிவிலக்கு இல்லை.

தங்குவதற்குத் தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியா வட்டாரமே எங்கள் தேர்வு. சாப்பாடு, கோயில், கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும். இரண்டு ரயில் பாதைகள் அங்கே சந்திக்கின்றன. சாங்கி விமான நிலையத்திலிருந்து வர, தானா மேராவில் கிழக்கு மேற்குப் பாதைக்கு மாறி பூகிஸில் இறங்குங்கள். அங்கே டௌன்டவுன் பாதையில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. பலர் எக்ஸ்போவிலேயே டௌன்டவுன் பாதைக்கு மாறிவிடுகிறார்கள். வரைபடத்தில் ஒரே பாதையாகத் தெரியும். ஆனால் அந்த ரயில் ஜாலான் புசார் வரை வந்து, தேக்காவை நெருங்கிய பிறகு சைனாடவுன், பேஃபிரண்ட் என்று நகரையே சுற்றித்தான் லிட்டில் இந்தியா சேரும். அப்படி ஏறிவிட்டால் ஜாலான் புசாரில் இறங்கி நடந்துவிடுங்கள்.

ரயில், பேருந்துக் கட்டணத்துக்கு உங்கள் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே வாயிலில் தட்டலாம். வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு (சென்ட்) கூடுதலாகப் பிடிப்பார்கள். ஓர் அட்டையை இருவர் பகிர முடியாது. பேருந்தில் இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் அந்தப் பேருந்து கடைசிவரை போகும் தூரத்துக்குக் கட்டணம் போகும்.

காலை 11 மணிக்குள் வெளிப்புற இடங்களை முடித்துவிடுங்கள். பூமலை எனப்படும் தாவரவியல் தோட்டம் (பொட்டானிக் கார்டன்ஸ்) விடியற்காலை 5 மணிக்கே திறந்துவிடும், நுழைவு இலவசம்; உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். கோயில்களையும் காலையிலேயே பாருங்கள். 1827இல் எழுந்த சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலானாலும் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலானாலும் நண்பகலில் நடை சாத்தி, மாலையில்தான் திறப்பார்கள். வெயில் ஏறியதும் குளிர்சாதனத்துக்குள் போய்விடுங்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் அந்த நேரத்துக்குத் தோதானது, திங்கட்கிழமை விடுமுறை.

மாலைக்குக் கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை த பே). அங்குள்ள ராட்சத செயற்கை மரங்களின் ஒளி ஒலிக் காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும், இலவசம். முதல் காட்சியைப் பாருங்கள். கால் மணி நேரத்தில் முடிந்ததும் பாலம் வழியாக மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தைக் கடந்து நீர்முகப்புக்குப் போனால், அங்கே 9 மணி நீர்க்காட்சிக்கு முன்வரிசை கிடைக்கும். 8 மணி நீர்க்காட்சியையும் பிடிக்கலாம் என்று ஓடினால் இரண்டுமே அரைகுறையாகும்.

உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் இருந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது. சாப்பிட்ட தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும்; 2021 முதல் இது சட்டம். தேநீருக்குச் சும்மா 'தே' என்று கேட்டால் இனிப்பான கட்டிப்பாலோடு (கண்டென்ஸ்டு மில்க்) நல்ல இனிப்பாக வரும். 'தே சி' என்றால் இனிப்பில்லாத கெட்டிப்பாலும் (எவாப்பரேட்டட் மில்க்) சீனியும், 'தே ஓ' என்றால் பாலில்லாமல் சீனியோடு, 'தே ஓ கோசோங்' என்றால் இரண்டும் இல்லாமல், 'தே ஹாலியா' என்றால் இஞ்சியோடு. சீனி குறைவாக வேண்டுமா, 'சியூ டாய்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10% சேவைக் கட்டணமும் 9% ஜிஎஸ்டியும் தனியாக ஏறும்.

அந்த ஜிஎஸ்டியை நகை, மின்சாதனம் போன்றவற்றுக்குச் சுற்றுப்பயணிகள் திரும்பப் பெறலாம். இந்தத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கி, அங்கேயே கடப்பிதழைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். பொருள் பெட்டிக்குள் போவதாக இருந்தால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே சாங்கியில் உள்ள இயந்திரத்தில் விண்ணப்பியுங்கள். அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். பெட்டி உள்ளே போய்விட்டால் காட்ட வழியில்லை.