சின்னப் படகுக்கு ஜிபிஎஸ், ஃபிஷ் ஃபைண்டர் வாங்குவது எப்படி? மும்பைக் கடலுக்கான செய்முறை

இடம் காட்டும் ஜிபிஎஸ்ஸையும், தண்ணீருக்கடியில் மீனையும் தரையையும் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரையும் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் ஈயக்குண்டும் கயிறும் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய் வாருங்கள். வலை போடும் இடங்களில் எத்தனை பாகம் ஆழம், தரை சேறா, மணலா, பாரா (கடலடிப் பாறைத்திட்டா) என்று ஒரு நோட்டில் குறியுங்கள். குண்டின் அடியில் கொஞ்சம் சோப்பைத் தடவி இறக்கினால், தரையில் இருப்பது ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஒரு பாகத்தை 1.8 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எந்தக் கருவி உங்களுக்கு ஆகும் என்பதை இந்த நோட்டுதான் சொல்லும்.

நான் குமரிக் கரைக்காரன். சசூன் டாக்கிலும் வெர்சோவாவிலும் படகுகளுக்குக் கருவி பொருத்தும் வேலை செய்கிறேன். தாராவி, ஆன்டாப் ஹில் பக்கத்திலிருந்து வந்து, பிறர் படகில் கலாசியாக, அதாவது கூலியாளாக, உழைத்துச் சேர்த்த காசில் சொந்தமாக ஃபைபர் படகு எடுக்கும் நம் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை இஞ்ச் திரை வாங்கலாம்?" என்றுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

படி 1: வயர்லெஸ் வாங்காமல் மீன் கருவி வாங்காதீர்கள்

கையில் இருக்கும் காசில் முதல் பங்கு விஎச்எஃப் வயர்லெஸ்ஸுக்கு. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் செல்போன் சிக்னல் போய்விடும். தாழ்வான இரண்டு படகுகளுக்கு நடுவே கையடக்க விஎச்எஃப் ஐந்தாறு கடல்மைல் பேசும். ஆபத்து என்றால் 16-ஆம் சேனல். தண்ணீருக்குள் விழுந்தாலும் தாங்கும் செட்டாகப் பாருங்கள். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். உரிமத்துக்கான விவரத்தைக் கடைக்காரரிடமே கேட்டுக் காகிதத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். போன் சிக்னல் கிடைக்கும் தூரத்தில் கடலோரக் காவல்படையின் 1554 எண் இலவசம்.

இன்னொன்றைக் காசு கொடுக்காமலே வாங்கலாம். 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கிவைத்த திட்டத்தில், 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை இலவசமாகத் தருவதாக அறிவித்தார்கள். போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் செய்தி போகும். படகின் பதிவுச் சான்றோடு மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 2: ஜிபிஎஸ்

எங்கள் தாத்தா கோயில் கோபுரத்தையும் மலை உச்சியையும் ஒரே கோட்டில் பிடித்துப் பாரைக் கண்டுபிடிப்பார். ஊரில் அதைக் கணியம் என்போம். மும்பையில் பனிக்காலக் காலைகளில் புகைமூட்டத்தில் கரையே தெரியாது. துறைமுக வாயிலில் நவா ஷேவா துறைமுகத்துக்குப் போகும் பெரிய கப்பல்கள் வேறு. ஆகவே வெறும் இடக்குறிப்பைக் காட்டும் கருவி போதாது, கடல் வரைபடம் உள்ளதாக வாங்குங்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். கார்மின் ஸ்ட்ரைக்கர் போன்ற விலை குறைந்த செட்டுகளில் ஜிபிஎஸ் உண்டு, இடம் குறித்துவைக்கலாம், வந்த வழியே திரும்பலாம், ஆனால் கடல் வரைபடம் கிடையாது. பாறையும் கப்பல் பாதையும் அதில் தெரியாது. "இதில் இந்தியக் கடலின் சார்ட் இருக்கிறதா, திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். கொலாபா முனையில் உள்ள பிராங்ஸ் கலங்கரை விளக்கத்தைத் திரையில் தேடிப் பாருங்கள். அதைச் சுற்றி ஆழ எண்கள் தெரிந்தால்தான் அது சார்ட்.

வாங்கிய அன்றே இடக்குறிப்பு எழுதும் முறையைச் சரிபாருங்கள். என் மச்சான் ஒரு பழைய தண்டேலிடம் (படகோட்டும் தலைவரிடம்) கெஞ்சி ஒரு பாரின் இடக்குறிப்பை வாங்கிவந்தான். சீட்டில் 18 பாகை, 55.50 கலை என்று இருந்தது. மச்சானின் கருவியோ பாகை, கலை, விகலை (டிகிரி, மினிட், செகண்ட்) என்ற கணக்கில் இருந்தது. அவன் 18, 55, 50 என்று அடித்துவிட்டான். 55.50 கலை என்றால் 55 கலை 30 விகலை. இருபது விகலை தப்பு. வடக்கு தெற்கில் ஒரு கலை ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். ஆக 600 மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளி, வெறும் சேற்றின் மேல் விடிய விடியத் தேடியிருக்கிறான். டீசலும் போச்சு, அன்றைய மீன்பாடும் போச்சு. அமைப்புப் பக்கத்தில் எந்த முறை என்று பார்த்து, பக்கத்துப் படகுகள் வைத்திருக்கும் முறையையே நீங்களும் வையுங்கள்.

இது சரியாக இருந்தால், ஹைதராபாத்திலுள்ள இன்கோயிஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் மீன்வளப் பகுதித் தகவலையும் பயன்படுத்தலாம். கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, இறங்குதளத்திலிருந்து எந்தத் திசை, எத்தனை தூரம், எத்தனை ஆழம் என்று சொல்வார்கள். மேகம் மூடிய நாட்களில் வராது.

படி 3: ஃபிஷ் ஃபைண்டரின் ஒலி

படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் ஒரு ஒலியை அனுப்புகிறது. அது தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர 0.04 நொடி. இந்த நேரத்தைத்தான் கருவி ஆழமாக மாற்றிக் காட்டுகிறது.

இப்போது நோட்டை எடுங்கள். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி குறுகலாகப் போகும், ஆழம் குறைந்த இடத்தில் மீனைப் பிரித்துக் காட்டும். 50 கிலோஹெர்ட்ஸ் அகலமாகவும் ஆழமாகவும் போகும், ஆனால் படம் மொத்தையாக இருக்கும். மும்பைக்கு வெளியே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தரை, சுமார் 300 கிலோமீட்டர் அகலம். நம் ஊர்போலச் சீக்கிரம் ஆழம் வராது. சின்னப் படகில் போய்த் திரும்பும் தூரத்துக்கு 200 போதும். இரண்டும் உள்ள செட் வாங்க முடிந்தால் நல்லது. வாட்ஸ் கணக்குக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், 300 முதல் 600 வரை தாராளம். ஒரே ஒலிக்குப் பதில் பல அலைவரிசைகளைத் தொடர்ந்து அனுப்பும் சிர்ப் வகை, நெருங்கி நிற்கும் மீன்களை இன்னும் தெளிவாகப் பிரிக்கும். காசு இருந்தால் அதற்குக் கொடுங்கள்.

ஒலிக்கூம்பு 20 பாகை என்றால், அது பார்க்கும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 30 மீட்டர் ஆழத்தில் பத்து மீட்டர் வட்டம். பக்கத்தில் பெரிய கூட்டம் நின்றாலும் தெரியாது.

முதல் நாளே மீன் படம் போட்டுக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். கலங்கலில் மிதக்கும் குப்பையையும் காற்றுக்குமிழியையும் அது மீனாக வரைந்துவிடும். பிறகு ஆட்டோ முறையை விட்டு, திரும்பிவரும் ஒலியைப் பெருக்கும் அளவான கெயினைக் கையால் கூட்டுங்கள். திரை முழுக்கப் புள்ளி விழத் தொடங்கியதும் கொஞ்சம் குறைத்து நிறுத்துங்கள். சேற்றுத்தரை மங்கலான பட்டையாக வரும். பாரென்றால் கோடு தடித்துச் சிவந்து, இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு கோடும் எழும். திரையின் வலது ஓரம்தான் இப்போது அடியில் இருப்பது, இடப்பக்கம் எல்லாம் கடந்துவந்தது.

படி 4: பொருத்துவது

நல்ல கருவி கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். டிரான்ஸ்டியூசரை அணியத்தில் (படகின் முன்முனையில்) வைக்காதீர்கள், அலையில் தூக்கி அடிக்கும். பின்பலகையில், எஞ்சின் விசிறியிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் தள்ளி, விசிறியின் இலை கீழே இறங்கும் பக்கத்தில், குமிழி வராத இடம் பார்த்து வையுங்கள். முழு ஃபைபராக இருந்தால் உள்ளே ஒட்டினாலும் வேலை செய்யும். மரத்தின் வழியாகவும் நுரைப் பொருள் வைத்த ஃபைபர் வழியாகவும் ஒலி போகாது. கேபிளை வெட்டிக் குறைக்காதீர்கள், மிச்சத்தைச் சுருட்டிக் கட்டுங்கள். எஞ்சின் வயரோடும் வயர்லெஸ் வயரோடும் சேர்த்து ஓட்டாதீர்கள், திரையில் கோடு கோடாக இரைச்சல் வரும்.

கருவிக்குத் தனி 12 வோல்ட் பேட்டரி வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் இறங்கிக் கருவி அணைந்துவிடும். ஐந்து இஞ்ச் செட் ஒரு ஆம்பியர் இழுக்கும் என்று வைத்தால், பத்து மணி நேரத்துக்குப் பத்து ஆம்பியர் மணி. பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்க வேண்டும், ஆகவே 20-க்குக் குறையாமல் வாங்குங்கள். ஃபியூஸ் கட்டாயம்.

படி 5: முதல் ஓட்டம்

மீன் தேட வேண்டாம். நோட்டில் உள்ள இடங்களுக்கே போய், ஈயக்குண்டை இறக்கி எண்ணை ஒத்துப் பாருங்கள். டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் என்று கருவியில் கொடுங்கள். சார்ட்டில் உள்ள ஆழம் வற்றல் நேரத்து ஆழம். மும்பையில் அமாவாசை, பௌர்ணமிக்கு ஏற்றவற்றம் சில நாள் 4 மீட்டரைக்கூடத் தாண்டும். இந்தப் பெரிய ஏற்றத்தை மும்பையின் மீனவச் சமூகமான கோளி நண்பர்கள் உதாண் என்பார்கள். அன்று சார்ட்டும் கருவியும் வேறு எண் காட்டினால் பயப்பட வேண்டாம், ஏற்றவற்ற அட்டவணையில் அந்த நேரத்து நீர்மட்டத்தைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி அந்த இஞ்ச் கேள்வி. வரைபடமும் மீன் படமும் ஒரே திரையில் பாதிப்பாதி வேண்டுமென்றால் ஏழு. தனித்தனியாக மாற்றிப் பார்ப்பவருக்கு ஐந்து போதும். மிச்சக் காசில் விஎச்எஃப்புக்கு இன்னொரு பேட்டரி வாங்கிப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள்.