நாடகப் பரிசுக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாடகப் பிரதி மேடைக்காகவே எழுதப்படுவதால், நடுவர் குழுவை எழுத்தாளர்களால் மட்டும் நிரப்பிவிடக் கூடாது. முதலில் ஓர் இயக்குநரைச் சேருங்கள்; மணக்கோலத்தில் இருக்கும் நாயகி நான்கே வரிகளுக்குப் பிறகு விதவைக் கோலத்தில் வர வேண்டும் என்று பிரதியில் இருந்தால், உடை மாற்ற நேரமில்லை என்பதும், அது தீர்க்கக்கூடிய சிக்கல்தானா என்பதும் அவருக்கே உடனே புலப்படும். அடுத்து, அனுபவமுள்ள நடிகர் ஒருவரை அழைத்து, இறுதிச் சுற்றுப் பிரதிகளின் வசனங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறது, எங்கே பேச்சு உயிர்பெறுகிறது என்பது கேட்பவர் காதுக்கே தெரிந்துவிடும். நாடகாசிரியர் ஒருவரும் விமர்சகர் ஒருவரும் அவசியம். ஆனால், தம் மாணவர் போட்டியிட்டால் அவர்கள் விலகிக்கொள்ள வேண்டும்.

இறுதி முடிவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வையுங்கள். அமெரிக்காவின் புலிட்சர் பரிசில் நடுவர்கள் பரிந்துரைக்கவே முடியும். 1963இல் விமர்சகர் ஜான் மேசன் பிரவுனும், யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் காஸ்னரும் எட்வர்ட் ஆல்பீயின் நாடகத்தைப் பரிந்துரைத்தும், பெரும்பாலும் பத்திரிகைத் துறையினரைக் கொண்ட வாரியம் அதை ஏற்காததால், அவ்வாண்டு நாடகப் பரிசே வழங்கப்படவில்லை. நடுவர்கள் இருவரும் பதவி விலகினர். நடுவர்களின் தீர்ப்பை அமைப்பாளர்கள் மாற்ற இயலுமா என்பதை, நடுவர்கள் பொறுப்பேற்க ஒப்புக்கொள்ளும் முன்பே தெரிவித்துவிடுங்கள்.