அனார்க்கிசம், மார்க்சியம், இனம்: நம்ம ஊரில் உட்கார்ந்து பேசுவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் அனார்க்கிசம் (மேலிருந்து ஆளும் அதிகாரமே வேண்டாம் என்கிற கொள்கை), மார்க்சியம், இனம் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேச ஒரு வாசிப்புக் குழு ஆரம்பிக்கிறீர்களா, அப்படியென்றால் ஹேக் மாநாட்டில் தொடங்காதீர்கள். 1872-ல் அங்கே முதலாம் அகிலத்தில் (பல நாட்டுத் தொழிலாளர் சங்கத்தில்) இருந்து ரஷ்ய அனார்க்கிஸ்ட் பக்கூனினை மார்க்ஸ் தரப்பு வெளியேற்றிய கதை முக்கியமானதுதான், ஆனால் அதை முதலில் எடுத்தால் படித்த இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள், இருபது வருடம் ரப்பர் பால் வெட்டிய அக்கா வாயே திறக்க மாட்டார், அந்த அக்கா பேசாத கூட்டம் எதற்கு?

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை ஒரே தாளில் தமிழில் எழுதி, ஆளுக்கு ஒன்று கொடுங்கள். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கிற அதே கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது, சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி, சங்கம் வைக்கும் உரிமை, அடித்து மிரட்டுகிற மேலாட்களை நீக்கிவிட்டுத் தமிழ் பேசுகிறவர்களை வைப்பது, அப்புறம் துரையோ (வெள்ளைக்கார மேனேஜர்) கிராணியோ (தோட்டத்துக் குமாஸ்தா) எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. யாராவது ஒரு அண்ணன் சத்தமாக வாசிக்கட்டும்.

சைக்கிள் வரியில் நிறுத்துங்கள், அவசரமே வேண்டாம். இதில் ஒரு காசு கூட இல்லை, பிறகு ஏன் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து எழுதினார்கள் என்று கேளுங்கள். மார்க்சியம் படித்த தம்பி, உழைப்பைச் சுரண்ட முதலில் உழைப்பவனைக் குனிய வைக்க வேண்டும், ஆகவே இதுவும் வர்க்கப் பிரச்சினைதான் என்பார். அனார்க்கிஸ்ட் பக்கம் நிற்கிறவர், அதிகாரத்தின் முன்னால் இறங்க மறுப்பதுதான் இங்கே மையம், முதலாளி மாறினாலும் அதிகாரம் இருந்தால் திரும்பவும் இறங்கத்தான் சொல்வான் என்பார். இறங்கச் சொன்னது யாரை, தமிழனைத்தானே என்று இன்னொருவர் கேட்பார். மூன்று பேரையும் முழுசாகப் பேச விடுங்கள். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸ் 1935-ல் எழுதியதை இந்த இடத்தில் சொல்லலாம்: அமெரிக்காவில் வெள்ளைத் தொழிலாளி குறைந்த கூலி வாங்கினாலும், கறுப்பருக்கு இல்லாத மரியாதையும் சலுகையும் அவனுக்கு இன்னொரு கூலி மாதிரிக் கிடைத்தது. சைக்கிள் கோரிக்கை அதன் மறுபக்கம்.

என் கருத்தை ஒளிக்கவில்லை. முதலில் வர்க்கம், இனத்தைப் பிறகு பார்ப்போம் என்பது தப்பு. மார்க்ஸே அப்படிச் சொல்லவில்லை, 1870 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் ஆங்கிலேயத் தொழிலாளிக்கும் ஐரிஷ் தொழிலாளிக்கும் இடையிலான பகைதான் ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கத்தின் இயலாமைக்குக் காரணம், அந்தப் பகையை முதலாளி வர்க்கம் திட்டமிட்டு வளர்க்கிறது என்று எழுதியிருக்கிறார். அதே மார்க்ஸ் 1853-ல் இந்தியாவைப் பற்றி எழுதும்போது பிரிட்டிஷ் ஆட்சி தெரியாமலே வரலாற்றின் கருவியாக வேலை செய்கிறது என்றார், அதற்குக் கோபப்படுகிறவர்களை அடக்காதீர்கள், அந்தக் கோபம் நியாயமானது. பக்கூனினையும் விட வேண்டாம், யூதர்கள் மேல் அவர் கக்கிய வெறுப்பு அவருடைய எழுத்திலேயே இருக்கிறது.

அனார்க்கிசம் நமக்குச் சம்பந்தமில்லாத சரக்கு என்று கண்டிப்பாக ஒருவர் சொல்வார். மலாயாவில் சீன அனார்க்கிஸ்டுகள் 1930-ல் கம்யூனிஸ்ட் கட்சி அமைவதற்கு முன்னாலேயே இயங்கினார்கள். சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சாரியா 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு கட்சியை விட்டுப் பிரிந்து அனார்க்கிஸ்டாகவே வாழ்ந்தார். இவ்வளவு சொன்னால் போதும், அடுத்ததுக்குப் போங்கள்.

கஷ்டமான கேள்வி இதுதான்: 1941 வேலைநிறுத்தத்தின் தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், ராணுவம் வந்தது, சுட்டது. ஒவ்வொரு தோட்டமும் தனியாக நின்றால் நசுக்கப்படும், ஆகவே வலுவான மைய அமைப்பு வேண்டும் என்பது மார்க்சியரின் பதில். சரி, ஆனால் மைய அமைப்பு இருந்தபோது என்ன நடந்தது? பல இனத்தாரும் இருந்த மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் 1948-ல் தடை செய்யப்பட்டது, அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். மேலிருந்து ஒன்றாகக் கட்டியதை மேலேயே வெட்டினால் கீழே என்ன மிஞ்சும் என்று அனார்க்கிஸ்ட் கேட்பார். இந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், வயதானவர்களிடம் கேளுங்கள், அவர்களின் அப்பா அம்மா அவசரகாலத்தை (கம்யூனிஸ்டுகளை ஒடுக்க 1948-ல் பிரிட்டிஷ் அரசு அறிவித்ததை) பற்றி வீட்டில் என்ன சொன்னார்கள், என்ன சொல்லவில்லை என்று.

ஜாதியை யாரும் தானாக எடுக்க மாட்டார்கள், நீங்கள்தான் எடுக்க வேண்டும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யார் வீட்டில் யார் தண்ணி குடித்தார்கள் என்ற ஒரு கேள்வி போதும். நமக்குள்ளேயே இது இருக்கும்போது இனத்தை ஒரே கட்டாகப் பேச முடியாது, கிராணிகளில் பலர் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்து ஆட்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், மலாய் மொழியில் பேசிக்கொள்ளலாம். அவர்களுடைய பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது, கூட்டத்துக்கு வந்தது தெரிந்தால் வேலைக்கே ஆபத்து வரலாம், அதனால் பெயர் எழுதாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், வரத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். வந்தால் அதே தாளைக் கொடுத்து, 1941-ன் கோரிக்கைகளில் எவை இன்னும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள்.