ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாள்களில் கருத்தடை மாத்திரை: கவனிக்க வேண்டியவை

கருத்தடை மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வரும் ஒருவருக்குத் தொண்டைப் புண்ணுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், "இதைச் சாப்பிட்டால் அது வேலை செய்யாது" என்ற எச்சரிக்கை எங்கிருந்தாவது காதுக்கு வந்துவிடுகிறது. அந்த எச்சரிக்கை ஒரே ஒரு மருந்துக் குடும்பத்துக்குத்தான் முழு உண்மை. அதை நம்பிக் கருத்தடை மாத்திரையையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. கருத்தரிப்பதற்கு அதைவிட நேரான வழி வேறில்லை.

முதலில் ஆன்டிபயாடிக் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த விற்பனைப் பெயர்; பொடி எழுத்தில், மில்லிகிராம் அளவோடு இருப்பதுதான் மருந்தின் பெயர். அங்கே ரிஃபாம்பிசின், ரிஃபாபுடின், ரிஃபாபென்டின் ஆகிய மூன்றில் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். காசநோய்க்கான கூட்டு மாத்திரைகளில் ஐசோனியாசிட் போன்றவற்றோடு ரிஃபாம்பிசினும் ஒரே மாத்திரைக்குள் இருப்பதால், முதல் பெயரோடு நிறுத்திவிடாமல் கடைசிவரை படிக்க வேண்டும். அட்டையை வெட்டிக் கொடுத்ததில் பெயர் போய்விட்டிருந்தால், மருந்தாளுநரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றும் கல்லீரலில் ஹார்மோன்களைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுவதால், மாத்திரையில் இருந்து கிடைக்கும் ஹார்மோன் வழக்கத்தைவிட விரைவாக இரத்தத்திலிருந்து மறைகிறது. 1970களின் தொடக்கத்தில், ரிஃபாம்பிசின் சாப்பிட்டு வந்த காசநோயாளிப் பெண்களுக்கு மாதவிடாய் நாள்களுக்கு இடையே உதிரம் பட்டதைக் கண்டுதான் மருத்துவர்கள் இதை முதலில் உணர்ந்தார்கள். பின்னர் அந்த அச்சம் எல்லா ஆன்டிபயாடிக்குகள் மீதும் படர்ந்தது. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோனின் ஒரு பகுதி பித்தநீரோடு குடலுக்குள் வந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் விடுவிக்கப்பட்டு மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது என்பதால், அந்தப் பாக்டீரியாக்கள் மடிந்தால் ஹார்மோன் குறைந்துவிடும் என்று வாதிட்டார்கள். கேட்பதற்கு நியாயமான வாதம்தான். ஆனால் இரத்தத்தில் ஹார்மோன் அளவைச் சோதித்துப் பார்த்தபோது பொருட்படுத்தத்தக்க குறைவு தென்படவில்லை. கூடுதலாக ஆணுறை பயன்படுத்தச் சொல்லும் பழைய அறிவுரை பிரிட்டனில் 2011இல் கைவிடப்பட்டது. யாருக்கு எந்தக் கருத்தடை முறை பொருந்தும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறைகளும் பொதுவான ஆன்டிபயாடிக்குகளைத் தடையேதும் இல்லாத முதல் வகையில் வைத்திருக்கின்றன; ரிஃபாம்பிசினோடு கருத்தடை மாத்திரை சாப்பிடுவது மூன்றாம் வகையில், அதாவது பொதுவாகத் தவிர்க்க வேண்டியவற்றில் இருக்கிறது.

ஆகவே அமாக்சிசிலின், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் போன்றவை என்றால் இரண்டு மருந்துகளையும் அதனதன் நேரத்தில் சாப்பிட்டு வரலாம். கவனிக்க வேண்டியது வயிற்றைத்தான். இரவு 9 மணிக்குக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு 11 மணிக்கு வாந்தி எடுத்தால், 3 மணி நேரத்துக்குள் வெளியேறிவிட்டதால் உடனே இன்னொன்று சாப்பிட வேண்டும்; மறுநாள் மாத்திரை வழக்கம்போல 9 மணிக்கே. நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு ஒருமுறை வாந்தி வந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இதற்கென்று ஓர் அட்டை கூடுதலாகக் கையிருப்பில் இருந்தால், நடப்பு அட்டையின் கிழமைக் கணக்கு குழம்பாது.

வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், நீடிக்கும் ஒவ்வொரு நாளையும் மாத்திரை தவறிய நாளாகவே கணக்கிடுங்கள். அப்போதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வயிறு சரியான பிறகு 7 நாள் தொடர்ந்து மாத்திரை உள்ளே தங்கும்வரை ஆணுறை தேவை. அதற்குள் அட்டையில் ஹார்மோன் மாத்திரைகள் தீர்ந்துவிட்டால், வெற்று மாத்திரைகளை விட்டுவிட்டு, இடைவெளி இல்லாமல் அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். இது ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டோஜென் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த கூட்டு மாத்திரைக்கான கணக்கு. புரோஜெஸ்டோஜென் மட்டும் உள்ளவற்றில் நாள் கணக்கு மாறும் என்பதால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள்.

ரிஃபாம்பிசின் குடும்பம் என்றால் நிலைமை வேறு. அதை ஓரிரு நாள் மட்டுமே சாப்பிட்டாலும், கடைசி வேளைக்குப் பிறகும் 28 நாள்வரை கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. தூண்டப்பட்ட நொதிகள் அடங்க அவ்வளவு காலம் ஆகும். புரோஜெஸ்டோஜென் மட்டும் உள்ள மாத்திரையும், கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியும் இதில் சேரும். காப்பர் டி, ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி ஆகியவற்றை ரிஃபாம்பிசின் பாதிப்பதில்லை. காசநோய்ச் சிகிச்சை மாதக்கணக்கில் நீள்வதால், தொடங்கும் நாளிலேயே இவற்றில் ஒன்றுக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். கருத்தடையை நினைத்துக் காசநோய் மருந்தை நிறுத்துவது ஆபத்து. இடையில் பாதுகாப்பற்ற உறவு நேர்ந்துவிட்டால், வழக்கமான ஒற்றை அவசரக் கருத்தடை மாத்திரை போதாமல் போகலாம். 5 நாள்களுக்குள் காப்பர் டி பொருத்திக்கொள்வதே உறுதியான வழி.

ஆன்டிபயாடிக் முடிந்த கையோடு பிறப்புறுப்பில் அரிப்பும் தயிர்போன்ற வெள்ளைப்படுதலும் வந்தால், அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அதற்குத் தரும் க்ளோட்ரிமசோல் களிம்பும் உள்ளே வைக்கும் மாத்திரையும் லேடெக்ஸ் ஆணுறையை நலிவடையச் செய்யக்கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கை முன்னிட்டு ஆணுறையை நம்பியிருப்பவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.