பிரிட்டன் வேலையில் கம்பெனி கார்: ஊரிலிருந்து கிளம்பும் முன்னே போட வேண்டிய கணக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து பிரிட்டனுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் கிளம்பும் முன் என்னிடம் எதையெல்லாமோ கேட்கிறார்கள். எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது, குளிருக்கு எங்கே கோட்டு வாங்குவது, பருப்புப்பொடி எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பது வரை வந்துவிடும். ஆஃபர் லெட்டரில் 'கம்பெனி கார் அல்லது கேஷ் அலவன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. கார் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று டிக் அடித்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். சில மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் சம்பளச் சீட்டின் படம் வரும். "அண்ணே, போன மாசத்தைவிட முந்நூறு பவுண்டு கம்மியா வந்திருக்கு, என்னன்னு பாருங்க." நான் அங்கே நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுக் கோட்டையூருக்குத் திரும்பியவன். இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்தே இதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஊரில் இதற்கு வேறு ஒரு மவுசு இருக்கிறது. பெண் பார்க்கும்போது "மாப்பிள்ளைக்குக் கம்பெனியிலேயே காரு குடுத்துருக்காகளாம்" என்று ஆச்சிமார் பேசிக்கொள்வார்கள். அந்தக் காருக்கு மாப்பிள்ளை மாதாமாதம் கட்டும் வரி ஜாதகத்தில் வராது.

வரி எப்படி விழுகிறது

இந்தியாவில் கம்பெனி கார் வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதுசாக இருக்கும். நம் நாட்டில் கம்பெனி காரை ஆபீசுக்கும் சொந்தத்துக்கும் சேர்த்து ஓட்டினால், 1.6 லிட்டர் வரையுள்ள எஞ்சினுக்கு மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் போனால் 2,400 ரூபாய், டிரைவருக்கு 900 ரூபாய் என்று வருமானத்தில் சேர்ப்பதுதான் பல வருடமாக இருந்த வழக்கம். காரின் விலை பத்து லட்சமா ஐம்பது லட்சமா என்று யாரும் பார்க்கவில்லை.

பிரிட்டனில் விலையில்தான் எல்லாமே தொடங்குகிறது. காரின் லிஸ்ட் விலையை, அதாவது தயாரிப்பாளர் அறிவித்த முழு விலையை எடுத்துக்கொள்வார்கள். வாட், டெலிவரி, நீங்கள் ஆசைப்பட்டுச் சேர்த்த சன்ரூஃப் எல்லாம் இதில் அடக்கம். உங்கள் கம்பெனி மொத்தமாக வாங்கி எவ்வளவு தள்ளுபடி பெற்றிருந்தாலும் கணக்கு லிஸ்ட் விலைக்குத்தான். அதில் குறிப்பிட்ட சதவீதம் உங்கள் வருமானமாகக் கருதப்படும். சதவீதம் எவ்வளவு என்பதை கார் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது என்பது தீர்மானிக்கிறது. அந்தத் தொகைக்கு உங்கள் வரி விகிதப்படி வருமான வரி கட்ட வேண்டும். நேஷனல் இன்ஷூரன்ஸ் (வரி போலவே சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புச் சந்தா) இதற்கு உங்களிடம் பிடிக்க மாட்டார்கள். அதைக் கம்பெனி கட்டும்.

பயன்படுத்திய காராக இருந்தால் என்ன ஆகும்? அங்கேதான் புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முன்னால் வேலை பார்த்தவர் விட்டுப்போன கார் ஒன்று ஆபீஸ் பார்க்கிங்கில் சும்மா நிற்கும். லீஸ் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கும். "புதுசாக வந்திருக்கிறாய், இதை எடுத்துக்கொள்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மூன்று வருடப் பழைய கார், சீட்டில் காபிக் கறை, பின்கதவில் கீறல். ஆனாலும் வரி, அது ஷோரூமிலிருந்து வெளியே வந்த அன்றைய லிஸ்ட் விலைக்கு. பழசாகிவிட்டது என்று ஒரு பைசா குறையாது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 2025-26 வரி ஆண்டு. பெட்ரோல் எஸ்யூவி, லிஸ்ட் விலை 38,000 பவுண்டு, 140 கிராம் சுற்றி வெளியேற்றம். அதற்கு 34 சதவீதம். ஆக 12,920 பவுண்டு உங்கள் வருமானத்தில் ஏறுகிறது. உங்கள் சம்பளம் 45,000 என்று வையுங்கள். நாம் 20 சதவீத வரிக்காரர்தானே என்று நினைத்திருப்பீர்கள். கார் ஏறியதும் மொத்த வருமானம் 57,920. 40 சதவீதம் தொடங்குவது 50,270 பவுண்டில். அதற்குக் கீழே விழும் 5,270க்கு 20 சதவீதம் 1,054. மேலே நிற்கும் 7,650க்கு 40 சதவீதம் 3,060. கூட்டினால் வருடத்துக்கு 4,114 பவுண்டு, மாதம் கிட்டத்தட்ட 343 பவுண்டு. காபிக் கறை படிந்த காருக்கு! ஸ்காட்லாந்தில் வேலை என்றால் வரி விகிதங்களே வேறு, அங்கே தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதே ஆண்டில் 40,000 பவுண்டு மின்சாரக் காருக்கு 3 சதவீதம்தான். வருமானத்தில் ஏறுவது 1,200. 20 சதவீதக்காரருக்கு வருடம் 240 பவுண்டு, 40 சதவீதக்காரருக்கு 480. விலை கூடிய கார், ஆனால் நம் 45,000 சம்பளக்காரருக்கு வரி பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் யாராவது பழைய பெட்ரோல் காரின் சாவியை நீட்டினால் கூச்சப்படாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். புது ஆள் எப்படி மறுப்பது என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். வரி கட்டப்போவது மேனேஜர் இல்லையே.

ஃப்யூல் கார்டு

பெட்ரோல் கார்டு கொடுத்தால் வாங்காதீர்கள். சொந்த ஓட்டத்துக்கும் கம்பெனி எண்ணெய் போட்டால் அதற்கென்று அரசு வைத்திருக்கும் நிலையான தொகையை, 2025-26இல் 28,200 பவுண்டை, அதே சதவீதத்தால் பெருக்கி வருமானத்தில் சேர்ப்பார்கள். மேலே சொன்ன காருக்கு 9,588. அதில் 40 சதவீதம் 3,835 பவுண்டு வரி. அவ்வளவு காசுக்குப் பெட்ரோல் தீர்க்க வேண்டுமென்றால் வருடம் இருபதாயிரம் மைலுக்கு மேல் சொந்த வேலைக்கே ஓட்ட வேண்டும். வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போய்வருவதும் சொந்த ஓட்டம்தான் என்பது பலருக்குத் தெரியாது. சொந்த ஓட்டத்துக்கான காசை முழுதாகத் திருப்பிக் கட்டினால் இந்த வரி இல்லை. அரைகுறையாகக் கட்டினால் முழு வரியும் உண்டு. மின்சாரத்தை இந்த வரிக்கு எரிபொருளாகக் கருதுவதில்லை, ஆகவே மின்சாரக் காருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

மின்சாரக் கார்தான் என்று முடிவெடுத்தால்

காரைக்குடிக்காரர்களுக்கு பேட்டரி புதுசில்லை. மின்வேதியியல் ஆய்வுக்கூடமான சிக்ரியின் வாசலைக் கடந்து பள்ளிக்கூடம் போனவர்கள்தானே பாதிப் பேர். ஆனால் பிரச்சினை பேட்டரியில் இல்லை, வீட்டில். போன புதிதில் நாலு பேர் சேர்ந்து ஒரு வாடகை வீட்டிலோ, மூன்றாம் மாடி ஃப்ளாட்டிலோதான் இருப்பீர்கள். கார் தெருவில் நிற்கும். ஜன்னல் வழியாக ஒயரை நடைபாதையில் இழுத்துவிட முடியாது, பெரும்பாலும் கவுன்சில் (அவ்வூர் நகராட்சி) விடாது. தெருமுனை சார்ஜரில் போட்டால் வீட்டு மின்சாரத்தைவிட விலை கூடுதல்; வாட்டே வீட்டுக்கு 5 சதவீதம், அங்கே 20. சில கம்பெனிகளின் பட்டியலிலோ மின்சாரக் கார் தவிர வேறு இருக்காது. "ரோட்டில் நிறுத்துகிறவனுக்கு இது எதுக்கு" என்று அங்குள்ள வெள்ளைக்கார ஊழியர்களே புலம்புவார்கள். ஆபீசில் சார்ஜ் போட வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அங்கே இலவசமாகப் போட்டாலும் வரி இல்லை.

அப்புறம் இந்த 3 சதவீதம் அப்படியே நிற்காது. 2026-27இல் 4, அடுத்து 5, 2028-29இல் 7, 2029-30இல் 9 என்று இப்போதே அறிவித்துவிட்டார்கள். அதற்கும் பெரிய சேதம் இல்லை. அடி விழப்போவது பிளக்-இன் ஹைபிரிட் (பெட்ரோலிலும் ஓடும், சார்ஜ் போட்டும் ஓடும் கார்) எடுத்தவர்களுக்கு. பேட்டரியில் மட்டும் 40 முதல் 69 மைல் வரை ஓடும் ஹைபிரிட்டுக்கு 2025-26இல் 9 சதவீதம். பிறகு 10, 11 என்று ஏறி, 2028 ஏப்ரலில் அது ஒரே தாவலில் 18 சதவீதமாகிறது. லீஸ் பெரும்பாலும் மூன்று, நாலு வருடம். இடையில் மாற்றுவது எளிதல்ல. விற்பனைக்காரர் முதல் வருடக் கணக்கைத்தான் காட்டுவார்; நீங்கள் லீஸ் முழுக்காலத்துக்கும் ஐந்தொகை போட்டுப் பாருங்கள். வட்டிக் கணக்கில் ஊறிய ஊர், இது வராதா என்ன.

காசாக வாங்கினால்

மாதம் 500 பவுண்டு கேஷ் அலவன்ஸ் என்றால் அது சம்பளம் போலத்தான். 20 சதவீதக்காரருக்கு வரியும் 8 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸும் போக 360 கையில் வரும். 40 சதவீதக்காரருக்கு 290. நகரத்துக்குள் வேலை, பஸ்ஸும் ரயிலும் இருக்கிறது என்றால் இதுவே மேல். சொந்தக் காரில் ஆபீஸ் வேலையாகப் போனால் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ் வரை வரியில்லாமல் வாங்கலாம், அதற்கு மேல் 25 பென்ஸ்.

ஆனால் புதிதாகப் போனவர் சொந்தமாகக் கார் வைப்பது லேசுப்பட்டதல்ல. இந்திய லைசென்ஸில் அங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். பிறகு புரொவிஷனல் என்ற பழகுநர் லைசென்ஸ் எடுத்து, தியரி எழுதி, ரோட்டில் ஓட்டிக் காட்டி அவர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும்; இந்திய லைசென்ஸை நேராக மாற்றிக் கொடுக்க மாட்டார்கள். அதுவரை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் உங்களைப் புது டிரைவராகத்தான் பார்க்கும். காரின் விலையில் பாதியை பிரீமியமாகக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். கடன் வரலாறு இல்லாததால் தவணையும் எளிதில் கிடைக்காது. இந்த விஷயத்தில் கம்பெனி கார் பெரிய உதவி, இன்ஷூரன்ஸ் அவர்கள் தலையில். சில கம்பெனிகள் அவ்வூர் லைசென்ஸ் இல்லாதவருக்கு சாவியே தருவதில்லை, அதையும் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

சேலரி சாக்ரிஃபைஸ்

சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மின்சாரக் கார் எடுக்கும் திட்டம் இது. 75 கிராமுக்கு மேல் வெளியேற்றும் காருக்கு லாபமில்லை. விட்டுக்கொடுத்த தொகை, காரின் வரிக் கணக்கு இரண்டில் எது கூடுதலோ அதற்கு வரி போடுவார்கள். மின்சாரக் காருக்கு உண்மையிலேயே மலிவு. ஆனால் விசாவில் போனவர்கள் இரண்டு விஷயத்தை யோசிக்க வேண்டும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் காரும் அலவன்ஸும் கணக்கில் வராது; உங்கள் ஒப்பந்தச் சம்பளமே குறைகிறது என்பதால் கையெழுத்துக்கு முன் ஹெச்ஆரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டாவது, வேலை போனால் காரை முன்கூட்டித் திருப்புவதற்குக் கட்டணம் உண்டா, அது யார் தலையில் என்று பாருங்கள். விசா விதிப்படி அறுபது நாளில் வேறு வேலை தேட வேண்டிய நேரத்தில் அந்தப் பில்லும் வந்தால் தாங்காது. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருடக் கணக்குக்குப் போனார்கள், கணக்கு முடிந்துதான் திரும்பினார்கள். இப்போதைய வேலைக்கு அந்த உத்தரவாதம் இல்லை, லீஸுக்கு மட்டும் இருக்கிறது.

டாக்ஸ் கோடு

சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று கம்பெனிக்குச் சொல்லும் குறியீடு இது. எல்லோருக்கும் பொதுவாக 1257எல் என்று இருக்கும். 12,570 பவுண்டு வரை வரி இல்லை என்று அர்த்தம். கார் வந்ததும் அந்த எண் குறையும். முன் சொன்ன எஸ்யூவி மாதிரி காரின் மதிப்பு அந்த 12,570ஐயும் தாண்டினால் கோடு கே எழுத்தில் தொடங்கும். சலுகை போய், இல்லாத வருமானம் சம்பளத்தில் கூடுவது போலாகிவிடும். கார் கொடுத்ததைக் கம்பெனி வரித்துறைக்குத் தாமதமாகத் தெரிவிக்கும், வரித்துறை தாமதமாகக் கோடை மாற்றும், விட்டுப்போன மாதங்களின் வரியையும் சேர்த்துப் பிடிக்கும். அந்த முந்நூறு பவுண்டு கதை பெரும்பாலும் இதுதான். சாவி வாங்கிய அன்றே வரித்துறையின் (எச்.எம்.ஆர்.சி.) இணையக் கணக்கில் காரின் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் பாருங்கள். காரைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வரி கட்டியவர்கள் உண்டு.

கடைசியாக ஒன்று, நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), அறுபதாம் கல்யாணம் என்று நாம் ஊருக்கு வந்தால் ஒரு மாதத்துக்குக் குறையாது. கார் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ உங்கள் உபயோகத்துக்கு இல்லாமல் இருந்தால் அந்த நாட்களுக்கு வரி குறையும். ஆனால் நீங்கள் ஊரில் இருந்தீர்கள் என்பது மட்டும் போதாது. காரையும், இருக்கிற இரண்டு சாவியையும் கிளம்பும் முன் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டு, தேதி போட்டு ஒரு மெயில் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஸ்பேர் சாவி உங்கள் அலமாரியில் இருந்தால் கார் உங்களிடம்தான் இருந்தது என்றே எழுதுவார்கள்.