விமான பிஸ்டன் இன்ஜின் ஓவர்ஹால்: பயிற்சியிலேயே திருத்த வேண்டிய தவறுகள்

ஓவர்ஹாலுக்காக, அதாவது முழுவதும் பிரித்துச் சரிபார்த்துத் திரும்ப மாட்டுவதற்காக, இன்ஜின் ஸ்டாண்டில் ஏறியதும் பயிற்சி மாணவரின் கை முதலில் தேடுவது பிரஷ்ஷையும் சால்வென்ட் தொட்டியையும்தான். அழுக்கைக் கழுவினால் வேலை தொடங்கிவிட்ட திருப்தி வரும். ஆனால் அந்த இன்ஜின் எப்படி ஓடியது, எங்கே தேய்ந்தது என்பதற்கான சாட்சியெல்லாம் அந்த அழுக்கில்தான் இருக்கிறது. கழுவிவிட்டால் திரும்பக் கிடைக்காது.

எண்ணெய்த் தொட்டியின் அடியையும் எண்ணெயை வடிகட்டும் சக்ஷன் ஸ்க்ரீனையும் முதலில் ஒரு வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் அது எஃகு. கேம், அது தள்ளும் டாப்பெட், கியர் பக்கம் தேட வேண்டும். வெள்ளி நிறத்தில் இருந்தும் ஒட்டாவிட்டால் அலுமினியம். பிஸ்டனையும் பிஸ்டன் பின்னின் முனைப் பிளக்குகளையும் பாருங்கள். மஞ்சள் கலந்த துகள் என்றால் புஷ்கள் எனும் உள்வளையங்களைச் சந்தேகிக்கலாம். சிலிண்டரின் அடித்தட்டைச் சுற்றிக் கருப்புக் கசிவுக் கோடு இருந்தால், அந்த இணைப்பு இறுக்கம் இழந்து அசைந்திருக்கலாம். இவற்றைப் படம் எடுத்து, எந்த எண் சிலிண்டர், எந்தப் பக்கம் என்று குறித்த பிறகுதான் கழுவத் தொடங்க வேண்டும். கழுவிய பின் இன்னொரு முறை பார்வைச் சோதனை உண்டு. இந்த இரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கழுவுவதிலும் வழுக்கல்கள் இருக்கின்றன. தண்ணீரில் கலக்கும் டிகிரீசர்களில் பெரும்பாலும் காரம் இருக்கும். அது அலுமினிய, மெக்னீசியப் பாகங்களின் நுண்துளைகளில் தங்கிவிட்டால், இன்ஜின் ஓடும்போது எண்ணெய் நுரைக்கும். அதனால் நன்றாக அலச வேண்டும். கண்ணாடி மணியை வீசிச் சுத்தம் செய்தால் பாகம் பளிச்சென்று ஆகும், ஆனால் எண்ணெய் வழிக்குள் சிக்கிய ஒரு மணி பின்னால் பேரிங்கில் போய்ப் பதியும். மென்மையான அலுமினியத்தில் வீச்சு கடுமையானால் மேற்பரப்பு மழுங்கி விரிசலின் வாய் மூடிக்கொள்ளும். பிறகு சாயம் ஊடுருவும் சோதனை எதையும் காட்டாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் உள்வெற்றிடத்தில் படியும் கசடும் அடிக்கடி மறக்கப்படுகிறது. அதை எடுக்காமல் மாட்டினால், முதல் ஓட்டத்திலேயே கசடு இளகிப் புதிய பேரிங்குகளுக்கு எண்ணெய் போகும் வழியை அடைக்கலாம். விரிசல் தேடும் காந்தத்துகள் சோதனை முடிந்த எஃகுப் பாகங்களைக் காந்தநீக்கம் செய்யாமல் விடுவதும் அதே ரகம்தான்: துகள்களை ஈர்த்துத் தன்மேல் வைத்துக்கொள்ளும் கிராங்க்ஷாஃப்ட் பேரிங்கைத் தானே அரைக்கும்.

அளவெடுக்கும்போது மைக்ரோமீட்டரின் பூஜ்யத்தைச் சரிபார்க்காமல் தொடங்குவார்கள். ஜர்னலை (ஷாஃப்ட்டில் பேரிங் அமரும் வட்டப் பகுதி) ஒரே திசையில் அளந்துவிட்டு எழுதுவார்கள். ஒன்றுக்கொன்று 90 பாகையில் இரு முறை அளந்தால்தான் ஜர்னல் முட்டையாகத் தேய்ந்திருப்பது தெரியும். அளவுப் பட்டியலில் புதுப் பாகத்துக்கு ஒரு நெடுவரிசை, சேவை வரம்புக்கு (ஓடித் தேய்ந்த பாகத்துக்கு அனுமதிக்கும் எல்லை) ஒன்று என இரண்டு இருக்கும். சேவை வரம்பின் ஓரத்தில் நிற்கும் பாகத்தை ஓவர்ஹாலில் திரும்ப மாட்ட விதி இடம் கொடுக்கலாம். ஆனால் அடுத்த ஓவர்ஹால் வரை, சில இன்ஜின்களில் 2000 மணி நேரம், அது அந்த வரம்புக்குள் நிற்குமா என்ற கேள்வியை மாணவர் தானாகக் கேட்கப் பழக வேண்டும். அளவு பட்டியலுக்குள் வந்துவிட்டது என்பதற்காக அந்தக் கேள்வியை விடக்கூடாது.

அதிக நேரம் செலவிட வேண்டிய பாடம் டார்க்தான், அதாவது நட்டை எவ்வளவு முறுக்குவது என்பது. இங்கே நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது. நட் இறுகியிருப்பது போலவே இருக்கும்; ஆனால் போல்ட்டில் உள்ள இழுவிசை போதாது. கிடைமட்ட இன்ஜின்களில் சில நீண்ட போல்ட்கள் எதிரெதிர் சிலிண்டர்களின் அடித்தட்டுகளையும், கிராங்க்கேஸ் எனும் இன்ஜின் கூட்டின் இரு பாதிகளையும், நடுவிலுள்ள மெயின் பேரிங்கையும் ஒரே பிடியில் பிடிக்கின்றன. ஒரு முனை நட்டை மட்டும் முறுக்கினால், உராய்வு காரணமாக மறுமுனைக்கு முழு விசை போய்ச் சேராது. அதனால் இரு பக்க நட்டுகளையும் முறுக்க வேண்டும். பிடி குறைந்தால் பேரிங் ஓடு நகரும், எண்ணெய்த் துளை விலகும், ஜர்னல் பட்டினி கிடக்கும். சிலிண்டர்கள் இல்லாத நிலையில் கிராங்க்ஷாஃப்ட்டைச் சுற்ற வேண்டியிருந்தால், சிலிண்டருக்குப் பதில் டார்க் தட்டுகளை மாட்டி இறுக்கிய பிறகே சுற்ற வேண்டும்.

லைகாமிங் நிறுவனத்தின் இன்ஜின்களில் சிலிண்டர் மாட்டும் முறையை எடுத்துக்கொள்வோம். மரைகளுக்கு 90 சதவீதம் எஸ்ஏஇ 50 தர இன்ஜின் எண்ணெய், 10 சதவீதம் எஸ்டிபி என்ற கூட்டெண்ணெய் கலந்த மசகு. அரை அங்குல நட்டுகளை வரிசைப்படி முதலில் 300 அங்குல-பவுண்டு, பிறகு அதே வரிசையில் 600 அங்குல-பவுண்டு. அதன் பின் 3/8 அங்குல நட்டுகளை 300க்கு. கடைசியாக ரெஞ்சை ஒவ்வொரு நட்டிலும் அதே அளவில் சுமார் 5 விநாடி பிடிக்க வேண்டும். நட் அசையாவிட்டால் சரி. மரை காய்ந்திருந்தால் முறுக்கின் பெரும்பகுதி உராய்விலேயே செலவாகும்: ரெஞ்ச் 600 காட்டும், போல்ட் நீண்டிருக்காது. அடித்தட்டிலோ நட்டின் கீழோ பெயின்ட் இருந்தாலும் இதே கதை. சூட்டிலும் அதிர்விலும் பெயின்ட் நசுங்கி வெளியேற, இறுக்கம் போய்விடும். அழகுக்காக எல்லா இடமும் பூசும் பழக்கத்தை இந்தக் காரணத்தைச் சொல்லியே நிறுத்த வேண்டும்.

சிலிண்டர் அடியில் ரெஞ்ச் நேராக நுழையாது. நீட்டிப்பு மாட்ட வேண்டும். நீட்டிப்பு கைப்பிடியின் நேர்க்கோட்டில் இருந்தால் ரெஞ்சில் வைக்கும் அளவைக் குறைக்க வேண்டும்: தேவையான டார்க்கை ரெஞ்சின் நீளத்தால் பெருக்கி, ரெஞ்சும் நீட்டிப்பும் சேர்ந்த நீளத்தால் வகுக்க வேண்டும். 12 அங்குல ரெஞ்சில் 3 அங்குல நீட்டிப்பு மாட்டி 600 வேண்டுமென்றால் 480 வைக்க வேண்டும். கணக்குப் போடாமல் 600 வைத்தால் நட்டில் ஏறுவது 750. நீட்டிப்பைச் செங்கோணத்தில் மாட்டினால் திருத்தம் வேண்டாம்.

பயிற்சி இன்ஜினில் தனி ஆபத்து ஒன்று உண்டு. பலமுறை கழற்றி மாட்டியதால் அதன் மரைகள் தளர்ந்திருக்கும். அதில் பழகிய கை தேய்ந்த மரையின் உணர்வையே சரியென்று கற்றுக்கொள்ளும். நட், ஸ்டட்களை அவ்வப்போது மாற்றுங்கள். எண்களை மனப்பாடமாகச் சொல்லித் தராதீர்கள். ஒரே மாதிரி தோன்றும் இரு மாடல்களின் அளவுகள் வேறாக இருக்கும். ஒவ்வொரு முறையும் மேனுவலைத் திறந்து, திருத்த எண்ணைப் பார்த்து, வேலைத்தாளில் எழுத வைப்பதே பயிற்சி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். குரோம் பூசிய சிலிண்டரில் குரோம் பிஸ்டன் ரிங் போடக்கூடாது, சாதா வார்ப்பிரும்பு ரிங்தான். சிலிண்டரில் ஆரஞ்சு வண்ணக் குறி குரோம் பூச்சையும் நீலம் நைட்ரைடு முறையில் கடினமாக்கியதையும் குறிக்கும். ஹைட்ராலிக் லிஃப்டரின் (எண்ணெய் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) பிளஞ்சரும் உடலும் ஜோடியாக வந்தவை, கலக்கக்கூடாது. புதிய கேம்ஷாஃப்ட்டுக்கு அடியில் பழைய டாப்பெட் போடுவது கேமைக் கெடுக்கும் குறுக்குவழி. கனெக்டிங் ராடு போல்ட்டும் நட்டும் ஓவர்ஹாலில் புதியவையாகவே இருக்க வேண்டும். கோட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) துளை நேருக்கு வராவிட்டால் நட்டைத் தளர்த்தக்கூடாது. அனுமதித்த மேல்வரம்புக்குள் இறுக்கியே நேருக்குக் கொண்டுவர வேண்டும். கிராங்க்கேஸ் பாதிகளுக்கு இடையில் சிலிகான் பசையைக் கொட்டாதீர்கள். மேனுவல் சொல்லும் பட்டுநூலும் மெல்லிய பூச்சும் போதும். பிதுங்கி உள்ளே விழும் பசைத் துண்டு எண்ணெய் வழியில்தான் போய் நிற்கும்.

முதல் ஓட்டத்துக்கு முன் எண்ணெய் எல்லா இடமும் போயிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளில் ஒரு வரிசையைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் சுற்றி, எண்ணெய் அழுத்தம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆன பின் 30 விநாடிக்குள் அழுத்தம் வராவிட்டால் நிறுத்திக் காரணம் தேட வேண்டும். தரையில் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவது ரிங்கைப் பதமாக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, நடப்பது நேர்மாறு. ரிங் சுவரில் போதிய அழுத்தத்தோடு உட்காராமல், சூடேறிய எண்ணெய் சிலிண்டர் சுவரில் கண்ணாடிபோல் படிந்துவிடும். அதன்பின் எண்ணெய்ச் செலவு குறையவே குறையாது. சிலிண்டரைக் கழற்றி மீண்டும் ஹோனிங் செய்வதுதான் (சுவரைக் கல்லால் தேய்த்து நுண்கீறல் இடுவது) வழி.