25 வசனங்களில் வேதபாடம்: பிலேமோன் நிருபத்தை வைத்துப் படிக்கவும் கற்றுக்கொடுக்கவும் ஒரு வழி

ஜனவரி மாதம் ஆதியாகமத்தில் ஆரம்பித்து, லேவியராகமத்தில் நின்றுபோய், அப்புறம் சங்கீதத்துக்கும் வாக்குத்தத்த வசனத்துக்கும் திரும்பிவிடுகிறவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். வாசிக்க ஆசை இருக்கிறது. ஆனால் ஒரு பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, இது என்ன சொல்கிறது, யாரிடம் சொல்கிறது, ஏன் இப்படிச் சொல்கிறது என்று நிதானமாகப் படிக்க யாரும் பழக்கிவிடவில்லை. பிரசங்கம் கேட்பதுதான் வேதம் படிப்பது என்று ஆகிவிட்டது.

அந்தப் பழக்கத்தைத் தொடங்க நான் எல்லோருக்கும் சொல்வது பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம். மொத்தம் 25 வசனங்கள். சத்தமாக வாசித்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு வேதபுத்தகத்தை முழுதாகப் படித்தோம் என்ற நிறைவு ஒரே வாரத்தில் கிடைக்கும். (பொது மொழிபெயர்ப்பில் ‘பிலமோன்’ என்று இருக்கும். எதை வைத்துப் படித்தாலும் சரி.)

தேவையானவை: வேதாகமம், ஒரு நோட்டு, பேனா. முடிந்தால் இந்த நிருபத்தை ஒரு தாளில், வசன எண் இல்லாமல், இரு பக்கமும் இடம் விட்டுக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களைப் பவுல் போடவில்லை. புதிய ஏற்பாட்டில் அவற்றை 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் சேர்த்தார். எண்கள் இடம் கண்டுபிடிக்க உதவும், ஆனால் ஒரு கடிதத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கவும் நம்மைப் பழக்கிவிடும். கையால் எழுதும்போது அது மறுபடியும் கடிதமாகிவிடுகிறது. 

சங்கீதம் 119:18-ஐ ஜெபமாகச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்: “உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்.”

முதல் படி: முழுவதையும் வாசியுங்கள்

விளக்கவுரை வேண்டாம், யூடியூப் வேண்டாம், பக்கத்தின் அடியில் இருக்கும் குறிப்புகளும் இப்போது வேண்டாம். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மூச்சில், சத்தமாக வாசியுங்கள். அடுத்த நாளும் அப்படியே. மூன்று, நான்கு நாள் இதை மட்டும் செய்தாலே போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

இரண்டாம் படி: பார்த்ததை எழுதுங்கள்

அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இதுதான். அவசரக்காரர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். இன்னும் அர்த்தம் சொல்ல வேண்டாம். தாளில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

முதலில் ஆட்கள். எழுதுகிறவர் பவுல், கூட இருப்பவர் தீமோத்தேயு. பெறுகிறவர்கள் பிலேமோன், அப்பியாள், அர்க்கிப்பு, அப்புறம் பிலேமோனின் வீட்டில் கூடுகிற சபை. ஆக, இது தனிப்பட்ட விஷயம் பேசும் கடிதமாக இருந்தாலும் ஒரு சபையே கேட்கிற மாதிரி அனுப்பப்பட்டிருக்கிறது. இதை ஓரத்தில் குறித்து வையுங்கள், பிறகு உதவும். கடைசியில் எப்பாப்பிரா, மாற்கு, அரிஸ்தர்க்கு, தேமா, லூக்கா என்று ஐந்து பேர் வாழ்த்துச் சொல்கிறார்கள்.

யாரைப் பற்றிக் கடிதம்? பிலேமோனின் அடிமையாக இருந்த ஒநேசிமு. அவர் பெயர் எந்த வசனத்தில் முதல்முறை வருகிறது என்று தேடுங்கள். 10-ஆம் வசனம்! அதுவரை பவுல் என்ன செய்துகொண்டிருந்தார்? பிலேமோனுக்காக நன்றி சொல்கிறார், அவருடைய அன்பைப் பாராட்டுகிறார், கட்டளையிடத் தமக்குத் துணிவு உண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்கிறார். அதற்குப் பிறகுதான் பெயரைச் சொல்கிறார். எவ்வளவு கவனமாகப் பேசுகிறார் பாருங்கள்.

பவுல் தம்மை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறார்? ரோமர், கலாத்தியர், எபேசியர் நிருபங்களின் தொடக்கத்தில் ‘அப்போஸ்தலன்’ என்று போட்டுக்கொள்கிறவர் இங்கே கட்டுண்டவன் என்கிறார். காவலில் இருப்பதை 1, 9, 10, 13 வசனங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இதுபோல மீண்டும் மீண்டும் வருகிற விஷயங்களுக்கு ஒரே நிறத்தில் கோடு போடுங்கள்.

‘உள்ளம்’ என்பதையும் தேடுங்கள். பரிசுத்தவான்களின் உள்ளங்கள் பிலேமோனால் இளைப்பாறின என்று 7-ஆம் வசனம் சொல்கிறது. 12-இல் ஒநேசிமுவையே தம் உள்ளத்தைப் போன்றவர் என்கிறார் பவுல். 20-இல் என் உள்ளத்தை இளைப்பாறப்பண்ணும் என்று கேட்கிறார். மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ‘எல்லோருக்கும் செய்கிறீர், எனக்கும் செய்யும். எனக்குச் செய்வது என்றால் இவருக்குச் செய்வதுதான்’ என்ற வாதம் தானாகத் தெரியும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடு போட்டவர் எவருக்கும் தெரியும். அந்தச் சந்தோஷம் ஒருமுறை கிடைத்துவிட்டால் பிறகு வேதபாடத்தை விடமாட்டீர்கள்.

மூன்றாம் படி: எழுதப்படாததையும் குறியுங்கள்

ஒநேசிமு எஜமானிடம் திருடிக்கொண்டு ஓடிவந்தவர் என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நிருபத்தில் அது எங்கே இருக்கிறது? 18-ஆம் வசனத்தைப் பாருங்கள். அநியாயம் செய்ததும் கடன்பட்டதும் “உண்டானால்” என்றுதான் இருக்கிறது. 15-இல் கொஞ்சக் காலம் பிரிந்துபோனார் என்று மட்டும் வருகிறது. ஓடிவந்திருக்கலாம், எடுத்தும் வந்திருக்கலாம். அது நியாயமான ஊகம், வசனம் அல்ல. நோட்டில் ‘வசனம் சொல்வது’, ‘நான் கேள்விப்பட்டது’ என்று இரண்டு பத்தி பிரித்து எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் உங்களைப் பல தவறான போதனைகளிலிருந்து காப்பாற்றும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று: பிலேமோன் என்ன முடிவெடுத்தார்? நிருபம் சொல்லவில்லை.

நான்காம் படி: அந்தக் காலத்துக்குப் போங்கள்

இப்போது ஒத்த வசனங்களைத் திறக்கலாம். கொலோசெயர் 4-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். 9-ஆம் வசனத்தில் ஒநேசிமு தீகிக்குவோடு கொலோசே பட்டணத்துக்கு அனுப்பப்படுகிறார். அவர் உங்களில் ஒருவர் என்றும் சொல்லப்படுகிறது. மாற்கு, லூக்கா, தேமா, எப்பாப்பிரா, அரிஸ்தர்க்கு, அர்க்கிப்பு எல்லோரும் அங்கேயும் வருகிறார்கள். ஆகவே பிலேமோனின் வீடு கொலோசேயில் இருந்தது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், லவோதிக்கேயாவுக்குப் பக்கத்தில் இருந்த ஊர் அது. பவுல் எந்த ஊர்க் காவலில் இருந்து எழுதினார் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ரோமாபுரி என்பது பழைய மரபு. கொலோசேக்குப் பக்கமான எபேசு என்பது சிலருடைய வாதம்.

மாற்குவின் பெயருக்கும் ஒரு பின்னணி இருக்கிறது. அப்போஸ்தலர் 15:37-39-ஐப் பாருங்கள். ஒரு காலத்தில் பவுல் கூட்டிக்கொண்டு போகவே மறுத்த ஆள் இவர். இங்கே உடன்வேலையாள். மன்னிப்பைப் பற்றி எழுதுகிற கடிதத்தின் அடியிலேயே இந்தப் பெயர் இருக்கிறது.

ரோமச் சட்டத்தில் அடிமை என்பவர் எஜமானின் சொத்து. ஓடிப்போய் அகப்பட்டால் சூடுபோடுவது வரைக்கும் தண்டனை உண்டு. அந்த நிலையில் இருக்கிற ஒருவரை, தப்பிவந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்காதே என்று சொல்லும் உபாகமம் 23:15-ஐ அறிந்த பவுல் ஏன் திருப்பி அனுப்பினார்? விடுதலை செய்யும் என்று ஏன் நேராக எழுதவில்லை? இந்தக் கேள்விகளை மூடி வைக்காதீர்கள். 16-ஆம் வசனத்தில் இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக என்கிறார். 17-இல் என்னை ஏற்றுக்கொள்வதுபோல் ஏற்றுக்கொள்ளும் என்கிறார். 21-இல் நான் சொல்வதைவிட அதிகமாகவே செய்வீர் என்று அறிவேன் என்கிறார். அந்த ‘அதிகம்’ விடுதலைதான் என்று நான் படிக்கிறேன். வேறு மாதிரி படிக்கிறவர்களும் உண்டு, அவர்களுடைய காரணத்தையும் கேளுங்கள்.

தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த நிருபமே சாட்சி. 1850-இல் அமெரிக்காவில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கச் சட்டம் வந்தபோது, அதை ஆதரித்த சில போதகர்கள் பிலேமோனைத்தான் மேற்கோள் காட்டினார்கள். ஒநேசிமுவைத் திருப்பி அனுப்புவதைச் சொல்லும் 12-ஆம் வசனத்தைப் பிடித்துக்கொண்டு 16-ஐ விட்டுவிட்டார்கள். முழுவதையும் வாசியுங்கள் என்று முதல் படியிலேயே சொன்னது இதனால்தான்.

ஐந்தாம் படி: ஒரே வாக்கியம்

நிருபத்தின் மையத்தை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். என் வாக்கியம்: ‘கிறிஸ்துவுக்குள் வந்த ஒருவரை, பழைய கணக்கையும் பழைய அந்தஸ்தையும் பார்க்காமல், சொந்தச் சகோதரனாக வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ளும்படி பவுல் தம்மையே ஈடாக வைத்துக் கேட்கிறார்.’ உங்களுடையது வேறாக இருக்கலாம். ஆனால் எந்த வசனத்திலிருந்து வந்தது என்று காட்ட முடிய வேண்டும்.

ஆறாம் படி: நம் வாழ்க்கைக்கு

‘எல்லோரையும் நேசிக்க வேண்டும்’ என்று எழுதி நோட்டை மூடிவிடாதீர்கள். அதை எழுத பிலேமோனைப் படித்திருக்கவே வேண்டாம். பவுல் ஒரு பெயரைச் சொல்லி, ஒரு வீட்டைச் சொல்லி, கடனை என் கணக்கில் வையும் என்று சொந்தக் கையால் எழுதிக்கொடுக்கிறார். தமக்கு இடம் ஆயத்தப்படுத்தச் சொல்லி, வந்து பார்க்கப்போவதையும் தெரிவிக்கிறார். நாம் வாழ்க்கையில் செய்யப்போவதும் அந்த அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் இந்த நிருபத்தைப் படித்துவிட்டுச் சாதியைப் பற்றிப் பேசாமல் எழுந்திருக்க எனக்கு மனம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ‘பிரதர்’ என்று கூப்பிடுகிறோம். கல்யாணப் பேச்சு வந்தால், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும் பேச்சு வந்தால், அந்தச் சகோதரன் எங்கே போய்விடுகிறார்? கர்த்தருக்குள் மட்டும் அல்ல, இந்த உலக உறவிலும் அவர் சகோதரன் என்று 16-ஆம் வசனம் சேர்த்தே சொல்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் எந்த டம்ளரில் காபி குடிக்கிறார்? இந்த வாரம் யாருடைய வாசலுக்கு நீங்கள் போக வேண்டும்? ஒரு பெயரை எழுதுங்கள்.

இனி, கற்றுக்கொடுப்பது

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். வட்டமாக உட்காருங்கள். பிரசங்க மேடை வேண்டாம். நீங்கள் கண்டுபிடித்ததைச் சொல்லிவிடாமல் அவர்களே கண்டுபிடிக்க விடுவதுதான் ஆசிரியரின் வேலை, அதுதான் கடினமும். உங்கள் நோட்டில் இருப்பதை எல்லாம் பத்து நிமிடத்தில் ஒப்பித்துவிடலாம். எல்லோரும் ‘ஆமென்’ சொல்வார்கள். அடுத்த வாரம் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

முதலில் ஒருவர் நிருபம் முழுவதையும் வாசிக்கட்டும், மற்றவர்கள் வேதத்தை மூடிவிட்டுக் கேட்கட்டும். முதன்முதலில் அந்த வீட்டுச் சபையில் இருந்தவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். வாசிக்கத் தெரியாத பாட்டியும் அப்போது மற்றவர்களுக்குச் சமமாகிவிடுகிறார். அப்புறம் தாளையும் கலர் பென்சிலையும் கொடுத்துக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்.

கேள்விகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ‘பவுல் அன்பாகப் பேசினார் இல்லையா?’ என்று கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும். ‘ஒநேசிமுவின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் பவுல் என்னென்ன சொன்னார்?’ என்று கேளுங்கள், எல்லோரும் தாளைப் பார்ப்பார்கள். ‘சபை முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க, பிலேமோனுக்கு எப்படி இருந்திருக்கும்?’ ‘வாசலில் ஒநேசிமு நிற்கிறார் என்றால் அப்பியாள் என்ன நினைத்திருப்பார்?’ கடைசிக் கேள்விக்கு வருவது ஊகம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கேட்டதும் அமைதி வரும். பயப்படாதீர்கள், நீங்களே பதில் சொல்லிவிடவும் வேண்டாம். அவர்கள் யோசிக்கிறார்கள்.

வசனத்தில் இல்லாததை யாராவது சொன்னால், ‘தப்பு’ என்று சொல்ல வேண்டியதில்லை. ‘அண்ணே, அது எந்த வசனத்துல இருக்கு, கொஞ்சம் காட்டுங்க’ என்று கேட்டாலே போதும். பெரியவர் ஒருவர் நீளமாகப் பேச ஆரம்பித்தால், ‘ஐயா சொன்னதுல இருந்து ஒரு கேள்வி’ என்று எடுத்து, அதுவரை பேசாத ஒருவரிடம் கொடுங்கள். உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு, ‘அடுத்த வாரம் பார்த்துட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டு, மறக்காமல் பார்த்து வாருங்கள்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் இவ்வளவு வேண்டாம். பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, கடிதத்தை நடித்துக் காட்டச் சொல்லி, பிலேமோனின் பதில் கடிதத்தை அவர்களையே எழுத விடுங்கள். வருகிற கடிதங்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

கூட்டம் முடிவதற்குள் அடுத்த வாரம் யார் நடத்துவது என்று ஒருவரைக் கேட்டு முடிவு செய்துவிடுங்கள். 2 தீமோத்தேயு 2:2-இல் பவுல் சொல்லும் வரிசையைப் பாருங்கள்: பவுலிடம் தீமோத்தேயு கேட்டார், அவர் உண்மையுள்ள மனுஷரிடம் ஒப்புவிக்க வேண்டும், அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்க வேண்டும். நடத்தப்போகிறவருக்கு உங்கள் கேள்வித் தாளைக் கொடுங்கள், ஒருநாள் முன்னதாக அவரோடு உட்கார்ந்து பாருங்கள். கூட்டத்தில் அவர் திணறினாலும் இடையில் புகுந்து பேசாதீர்கள்.

அடுத்து எதைப் படிப்பது? நான்கு அதிகாரம் உள்ள ரூத் நல்ல தேர்வு, வாரத்துக்கு ஓர் அதிகாரம். ரூத்தைத் தொடங்கும்போது லேவியராகமம் 19:9-10-ஐயும் உபாகமம் 25:5-10-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் நான்கு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு.